மனோசக்திக்கு முழுமையான விதிகள் வேண்டும்: விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேம்களுக்கு விதி எழுதும் வடிவமைப்பாளர்களுக்கு,

எங்கள் மேசையில் இனி மனோசக்தி கேரக்டர்கள், அதாவது மனதின் பலத்தால் மட்டுமே சக்தி காட்டும் கேரக்டர்கள், வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான், ஆனாலும் இந்தத் தடையைக் கேட்டு வாங்கியவர்கள் விளையாடுபவர்களே. முதலில் கேட்டவர் யார் தெரியுமா? மற்றவர் மனதைப் படிக்கும் ஒரு டெலிபாத்தை ஆசை ஆசையாக உருவாக்கி, அதற்குப் பக்கம் பக்கமாக முன்கதை எழுதி, அதை விளையாடிக்கொண்டிருந்தவர். "நான் சக்தியைப் பயன்படுத்தினாலே மற்றவர்கள் முகம் வாடுகிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்றார். அவர் எந்த விதியையும் மீறவில்லை, யாரையும் மட்டம் தட்டவில்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் செய்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

நாங்கள் ஆடிய விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தோடு நிற்கும் குறையாக எனக்கு இது தெரியவில்லை.

மனோசக்தியைச் சேர்க்கும் நூல்களில் திரும்பத் திரும்ப ஒரு வரியைப் பார்க்கிறேன்: இது விருப்ப விதி, சேர்ப்பதும் விடுவதும் கேம் மாஸ்டர் முடிவு. படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்த வரி, நீங்கள் சோதித்து முடிக்க வேண்டிய வேலையை எங்கள் தலையில் கட்டுகிறது. நெருப்புக் கோள மந்திரத்துக்கு அப்படி ஒரு வரியை நீங்கள் எழுதுவதில்லை. வாள் வீச்சுக்கும் எழுதுவதில்லை. அவற்றை உருட்டிப் பார்த்து, எண்களைத் திருத்தி, மறுபடி உருட்டிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறீர்கள். மனதைப் படிக்கும் சக்தியை மட்டும் ஏன் பாதியில் விடுகிறீர்கள்?

இந்தப் பழக்கத்துக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் மனோசக்தி முதலில் வந்தது 1976இல், எல்ட்ரிச் விசர்ட்ரி என்ற துணை நூலில். 1978இல் வெளியான அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அதற்குக் கிடைத்த இடம் பின்னிணைப்பு. கேரக்டரின் அறிவு, விவேகம், வசீகரம் என்ற மூன்று திறன் எண்களில் ஒன்றாவது 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் சதவீதப் பகடையை உருட்டிப் பார்க்கலாம். கூட்டல்களோடு சேர்த்து 100 வந்துவிட்டால் சக்தி உண்டு. யோகம் அடித்தவருக்குத் தன் கிளாஸின் (கேரக்டரின் தொழில் வகையின்) திறமைகள் அப்படியே இருக்க, அதற்கு மேல் மனோசக்தியும் சேர்ந்தது. பதிலுக்கு அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. யோகம் அடிக்காதவருக்கு ஒன்றும் இல்லை. அரிதாகத்தான் வரும் என்பதையே சமநிலை என்று நினைத்துவிட்டார்கள். எத்தனையோ மேசைகளில் ஒன்றில்தான் வரும் என்றால், அந்த ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் என்ன ஆறுதல்?

சண்டை விதி இன்னும் மோசம். மற்றவர்களின் ஒரு சுற்று ஒரு நிமிடம். மனதோடு மனம் மோதும் சண்டையோ ஆறு விநாடி செக்மென்ட் கணக்கில் ஓடும். இரண்டு மனோசக்திக்காரர்கள் மோதி முடிக்கும்வரை மீதிப் பேர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

1991இல் தி கம்ப்ளீட் சயானிக்ஸ் ஹேண்ட்புக் வந்தபோது மனோசக்திக்கு ஒரு தனி கிளாஸ் கிடைத்தது. நல்ல மாற்றம். ஆனால் மந்திரங்களுக்கு இருந்த லெவல் படிக்கட்டு இந்தச் சக்திகளுக்கு இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு வந்த டார்க் சன் என்ற விளையாட்டு உலகத்தில் விளையாடுபவர்களின் கேரக்டர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மனோசக்தி இருந்தது. அந்த உலகம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம் என்பேன். அங்கே காவலாளிக்கும் அரசனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் மனோசக்தி என்றால் என்னவென்று தெரியும். அதை எதிர்பார்த்துத்தான் நடந்துகொள்வார்கள். மற்ற உலகங்களில் மனோசக்திக்காரர் ஒருவரைச் சேர்க்கிறீர்கள், சுற்றியிருக்கும் உலகத்தை அப்படியே விட்டுவிடுகிறீர்கள்.

அதே விளையாட்டில் அப்புறம் வந்தவை: 2001இல் மனோசக்தியின் ஆறு பிரிவுக்கு ஆறு வெவ்வேறு திறன் எண் கேட்கும் முறை. 2004இல் அதைக் கைவிட்டுப் புது முறை. 2010இல் இன்னொன்று. 2015 முதல் 2017 வரை மிஸ்டிக் என்ற கிளாஸ் சோதனை விதிகளாகவே வலம் வந்து, அச்சேறாமல் நின்றுபோனது. 2020இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் வீரனுக்கும் ரோக் என்ற திருட்டுத் திறமைக்காரருக்கும் சார்சரர் என்ற பிறவி மந்திரவாதிக்கும் துணைப் பிரிவுகளாக ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார்கள். 2025இல் சையன் கிளாஸ் மறுபடி சோதனைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் எண்கள் மாறுகின்றன, முறை மாறுகிறது. மேசையில் உண்மையில் எது உடைகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

எது உடைகிறது என்று எங்கள் மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பல அமர்வுகள் ஓடும் என்று நினைத்து ஒரு விசாரணைக் கதையைத் தயார் செய்திருந்தேன். இளவரசனுக்கு நஞ்சு வைத்தது யார்? சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியம், ஒரு பொய். டெலிபாத் விருந்துக் கூடத்தில் ஒரு தூணருகே நின்றபடி ஒவ்வொருவர் மனதையும் தொட்டுப் பார்த்தார். வாய் திறக்கவில்லை, கை அசைக்கவில்லை. நான்காவது ஆளிடம் விடை கிடைத்துவிட்டது. குழுவில் ரோக் ஆக ஆடியவர் பொய்யைக் கண்டுபிடிப்பதிலும் பின்தொடர்வதிலும் பூட்டுத் திறப்பதிலும்தான் தன் முன்னேற்றம் முழுவதையும் செலவிட்டிருந்தார். அந்த அமர்வில் அவர் ஒரு தடவைகூடப் பகடை உருட்டவில்லை.

சேதக் கணக்கில் பார்த்தால் அன்று டெலிபாத் செய்த சேதம் பூஜ்யம். ஒரு சுற்றுக்கு எத்தனை புள்ளி சேதம் என்று அளந்து இந்தச் சக்தி சரியாக இருக்கிறது என்று நீங்கள் முத்திரை குத்தியிருப்பீர்கள். உடைந்தது வேறொன்று. மற்றவர்கள் பகடை உருட்டி, பேசி, யோசித்து, மாட்டிக்கொண்டு, தப்பித்து அடைய வேண்டிய இடத்தை ஒருவர் யார் கண்ணிலும் படாமல், எதையும் பணயம் வைக்காமல் எட்டிவிட்டார். மனோசக்தியின் சமநிலைப் பிரச்சினை இதுதான். எதிராளி கவனிக்க வழியில்லை, தடுக்க வழியில்லை, தோற்றால் இழப்பும் இல்லை.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை, குற்றவாளிக்கு ஒரு மனக்கவசம் கொடுத்துவிடு என்பது. செய்து பார்த்தேன். அடுத்த கதையில் முக்கியமான ஆட்களுக்கெல்லாம் கவசம் வந்தது. டெலிபாத்தாக ஆடியவர் புரிந்துகொண்டார், எதுவும் சொல்லவில்லை. அவர் கேரக்டரின் உயிரே அந்தச் சக்திதான். அதைக் கதையை உடைக்க விடுவது, அல்லது செத்த சக்தியாக்குவது என்ற இரண்டே வழிகளை விதிகள் எனக்கு விட்டுவைத்திருந்தன. இரண்டுமே யாரோ ஒருவருக்கு அநியாயம்.

நடுவழி இருக்கிறது, அது உங்கள் துறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கத்தைக் கூட்டுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் உள்ள டிடெக்ட் தாட்ஸ் மந்திரத்தைப் பாருங்கள். மேலோட்டமான எண்ணங்களைப் படிக்கலாம். ஆழமாகத் தோண்டினால் எதிராளி சேவிங் த்ரோ, அதாவது தாக்கத்திலிருந்து தப்பும் பகடை, உருட்டுவார். வென்றாலும் தோற்றாலும், தன் மனதுக்குள் ஒருவர் நுழைகிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடைசி ஏற்பாடு எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்! அரசவையில் ஒரு பிரபுவின் மனதைத் தோண்டினால் அவர் எழுந்து கத்துவார், காவலர்கள் வருவார்கள், குழு பதில் சொல்லியாக வேண்டும். சக்தி அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு விலையும் வந்துவிடுகிறது. ரோகுக்கும் பேச்சுத் திறமை உள்ளவருக்கும் உடனே வேலை கிடைக்கிறது.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் 2015ஆம் ஆண்டு ஆகல்ட் அட்வெஞ்சர்ஸ் நூல் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே மனோ மந்திரத்துக்கு வாய்மொழியும் கையசைவும் கிடையாது. அவற்றின் இடத்தில் எண்ணமும் உணர்ச்சியும் தேவை. மனோசக்திக்காரர் பயத்தில் உறைந்திருந்தால் உணர்ச்சி தேவைப்படும் மந்திரத்தை அவரால் போட முடியாது. எண்ணம் தேவைப்படும் மந்திரத்துக்கு ஒரு கணம் ஒதுக்கி மனதைக் குவிக்காவிட்டால், கவனம் சிதறும்போது மந்திரத்தைக் காப்பாற்றுவது மிகக் கடினம். மந்திரவாதியின் வாயைக் கட்டுவது போல மனோசக்திக்காரரை மிரட்டி நிறுத்தலாம். சக்தியின் குணத்திலிருந்தே அதன் பலவீனத்தை எடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. ஏன் எல்லோரும் இங்கிருந்து மேலே கட்டவில்லை?

சத்தமில்லாத சக்தி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கவுன்ட்டர்ஸ்பெல் என்ற எதிர்மந்திரம் போடுவதற்கு, 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது 2014 விதி. வாய்மொழியோ கையசைவோ பொருளோ இல்லாத மந்திரம் கண்ணில் படாது. ஆகவே மனோசக்தி என்ற பெயரில் இந்த மூன்றையும் நீக்கும்போது, அழகுக்காகச் செய்யும் சின்ன மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்மந்திரத்திலிருந்து முழு விடுதலையும், கைதியாகக் கட்டிப்போட்டாலும் குறையாத பலமும், சபை நடுவில் மாட்டிக்கொள்ளாத பாதுகாப்பும் சேர்ந்தே போகின்றன. 2004ஆம் ஆண்டின் எக்ஸ்பாண்டட் சயானிக்ஸ் ஹேண்ட்புக் இதை உணர்ந்திருந்தது. சக்தியைப் பயன்படுத்தினால் ஒளியோ ஓசையோ வாசனையோ ஏதாவது அறிகுறி வெளிப்படும், அதை மறைக்கத் தனியாக உருட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அப்படிப்பட்ட விதிதான் வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். மனோசக்தி அரக்கர்களின் கையில் இருக்கும்போது யார் அடிபடுகிறார்கள் என்று பாருங்கள். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் பன்னிரண்டு கிளாஸ்களில் அறிவு சேவிங் த்ரோவில் பயிற்சி உள்ளவை ட்ரூயிட், ரோக், விசர்ட் என்ற மூன்று மட்டும். அந்த ஆண்டின் மான்ஸ்டர் மானுவலில் இன்டலெக்ட் டிவவரர் என்ற சிறிய பிராணி இருக்கிறது. அதன் சவால் மதிப்பு 2, அதாவது தொடக்க லெவல் குழுக்கள் எதிர்கொள்ளக்கூடியது. அறிவு 8 உள்ள ஒரு வீரனை அது தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதுமுகப் பகடையில் இலக்கு எண் 12, அவருக்குக் கழித்தல் 1. தோற்க வாய்ப்பு 60 சதவீதம். தோற்றால் மூன்று ஆறுமுகப் பகடை உருட்டப்படும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அவருடைய அறிவு பூஜ்யம், அசையாமல் விழுவார். அப்படி வர 84 சதவீத வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரே தாக்குதலில்! அதை மீட்க கிரேட்டர் ரெஸ்டரேஷன் போன்ற ஐந்தாம் நிலை மந்திரம் வேண்டும். அந்த லெவலில் அது யாரிடமும் இருக்காது. அந்த வீரன் உடம்பில் இன்னும் உயிர்ப்புள்ளிகள் மீதம் இருக்கலாம். அவருக்கு எழுந்து போய் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இருக்காது.

வீரனாக ஆடுபவர் கேடயத்துக்கும் கவசத்துக்கும் செலவழிக்கிறார், ஏனென்றால் வாளிலிருந்து எப்படித் தப்புவது என்று விதிகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. மனத் தாக்குதலிலிருந்து தப்ப அவர் என்ன வாங்கலாம், என்ன பயிலலாம்? பல விதிநூல்களில் இதற்குத் தெளிவான பதில் இல்லை.

புள்ளிக் கணக்கையும் விட முடியாது. மந்திரத்துக்கு ஸ்லாட் (ஒவ்வொரு நிலை மந்திரத்தையும் எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கை), மனோசக்திக்குப் புள்ளி என்று பிரிப்பது வழக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று தோன்றும்படி எழுதுகிறீர்கள். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் உள்ள மந்திரப் புள்ளி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் லெவல் மந்திரவாதிக்கு ஸ்லாட் முறையில் ஐந்தாம் நிலை ஸ்லாட் ஒன்றே ஒன்று. புள்ளி முறையில் அவருக்கு 57 புள்ளி, ஐந்தாம் நிலை மந்திரத்துக்கு 7 புள்ளி. எட்டு முறை போடலாம். ஆறாம் நிலை முதல் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் அதற்குக் கீழே விட்டுவிட்டார்கள். ஒரு நாளில் ஆறு ஏழு மோதல்கள் நடந்தால் இது சமன்படும் என்று வாதிடலாம். சரி, எத்தனை மேசைகளில் ஒரே நாளில் அத்தனை மோதல்கள் நடக்கின்றன? எங்களுடையதில் ஒன்றோ இரண்டோதான். மனோசக்திக்காரர் முதல் மோதலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, செலவான சக்தியை மீட்டுத் தரும் நீண்ட ஓய்வை உடனே கேட்பார். மற்றவர்கள் இன்னும் வியர்க்கக்கூட ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

இதற்கும் 2004 நூலில் ஒரு மருந்து இருந்தது. ஒரு தடவைக்குச் செலவிடும் புள்ளிகள் அந்தக் கேரக்டரின் மனோசக்தி லெவலைத் தாண்டக் கூடாது என்பதே அது. அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் ஆடிய மேசைகள்தான் மனோசக்தி அநியாய பலம் என்று உரக்கச் சொன்னவற்றில் கணிசமான பங்கு. ஆட்டத்தைத் தாங்கி நிற்கும் வரியை யார் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் வைப்பதும் வடிவமைப்பு வேலைதான்.

சேதத்தையும் புள்ளியையும் விடத் தீவிரமானது ஒன்று உண்டு. ஒரு கேரக்டர் இன்னொரு விளையாடுபவரின் கேரக்டரை ஆட்டுவிக்கும்போது, அவரிடமிருந்து பறிபோவது உயிர்ப்புள்ளி அல்ல, அந்த மேசையில் அவருக்கு இருக்கும் ஒரே சொத்தான முடிவெடுக்கும் உரிமை. எங்கள் குழுவில் ஒருவர், தன் கேரக்டரின் நினைவை நண்பர் ஒருவர் சக்தியால் அழித்ததும் முகம் மாறி எழுந்து போனார். விளையாட்டுக்குத்தானே என்று யாரும் சமாதானம் சொல்ல முடியவில்லை. எக்ஸ் கார்டு (சங்கடமான காட்சியை நிறுத்தச் சொல்லிக் காட்டும் அட்டை) போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்று பல மேசைகளில் இருப்பது நல்லது. அது நாங்களாகத் தேடிக்கொண்டது. மனோசக்தி அத்தியாயத்துக்குள்ளேயே அதற்கு இடம் வேண்டும்.

இவ்வளவு தொல்லை என்றால் நீக்கிவிடலாமே, அல்லது இருக்கும் மந்திரங்களுக்கே ஊதா நிறம் பூசி மனோசக்தி என்று சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். புத்தகம் கிடையாது, தெய்வம் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது, சொந்த மனம் ஒன்றே ஆயுதம் என்ற கற்பனையில் இருக்கும் ஈர்ப்பு மந்திரவாதியிடம் இல்லை. எங்கள் டெலிபாத் எழுதிய முன்கதையில், ஊரே தன் மனதுக்குள் பேசுவதைக் கேட்டு வளர்ந்து, அமைதியைத் தேடிப் பாலைவனத்துக்கு ஓடிய ஒரு பெண் இருந்தாள். அவள் எங்கள் கதையில் கடைசிவரை வாழ்ந்திருக்க வேண்டியவள்.

என் கோரிக்கைகள் இவை. மனோசக்தியை அடிப்படை நூலில் எழுதுங்கள், அல்லது தனி நூல் போடுவதென்றால் அந்த உலகத்து அரசவை, சிறை, நீதிமன்றம், சந்தை எல்லாம் மனோசக்தியை எப்படி எதிர்கொள்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு சக்திக்கும் வெளியே தெரியும் ஓர் அறிகுறி வையுங்கள், அதை மறைக்க வேண்டுமானால் விலை கேளுங்கள். மனதைப் படித்தால் முழு உண்மை கிடைக்கக் கூடாது. பயம், குற்றவுணர்வு, ஒரு முகம், ஒரு அறையின் வாசனை, இப்படித் துண்டுகளாகக் கிடைக்கட்டும். மீதியைக் குழு தேடட்டும். அப்படிப்பட்ட முடிவுகளுக்கு மாதிரி அட்டவணையும் கொடுங்கள். மனக்கோட்டை கட்டும் பயிற்சி எந்தக் கிளாஸுக்கும் எட்டும் விலையில் இருக்கட்டும். ஒரே தாக்குதலில் ஆளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் சக்தி எதையும் தொடக்க லெவல் அரக்கனிடம் கொடுக்காதீர்கள். சுற்றுக்குச் சுற்று போராடி மீள ஒரு வழி அவருக்கு இருக்க வேண்டும். மனோசக்தி மந்திரமா இல்லையா, எதிர்மந்திரமும் மந்திரத்தடைக் களமும் அதன்மேல் வேலை செய்யுமா என்பதை முதல் பக்கத்திலேயே ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் அதற்கு ஈடான வேறு தடையை அங்கேயே எழுதுங்கள். புள்ளி உச்சவரம்பை ஒவ்வொரு சக்தியின் விவரத்திலும் அச்சிடுங்கள். விளையாடுபவரின் கேரக்டர்மேல் மனக்கட்டுப்பாடு, நினைவழிப்பு இரண்டையும் அவர் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது என்பதைப் பரிந்துரையாக விடாமல் விதியாக்குங்கள்.

கடைசியாக ஒன்று. சோதனை விதிகளை அனுப்பும்போது சண்டைக் காட்சிகளை மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு விசாரணை, ஒரு பேச்சுவார்த்தை, ஒரு சிறையுடைப்பு ஆகிய மூன்றையும் அனுப்புங்கள். கருத்துப் படிவத்தில், மனோசக்திக்காரராக ஆடியவரிடம் கேட்பதற்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எத்தனை முறை பகடை உருட்டினார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கேம் மாஸ்டர்